போகாதீங்க அக்கா

வலது கை மட்டும் காற்றில் நீள்கிறது. ஐந்து விரல்களும் விரிந்து, எதிரே இல்லாத ஒருவரின் சட்டைக் கையைப் பற்றுவது போல மெல்ல மூடிக்கொள்கின்றன. "போகாதீங்க சார்" என்கிறார் அக்கா. ஹெட்செட்டுக்குள் யாரோ கத்திக்கொண்டிருக்கிறார். கத்துகிறவரின் கண்ணுக்குத் தெரியாத சட்டையை ஒரு கையில் பிடித்தபடி, இன்னொரு கையால் திரையில் அவருடைய பழைய பில்களைப் புரட்டுகிறார். நான்கு நிமிடம் ஆகிறது. கத்தல் இறங்கி, "சரி, என்னதான் குறைப்பீங்க, அதச் சொல்லுங்க" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததும்தான் விரல்கள் திறக்கின்றன. சட்டைக்காரருக்கு விடுதலை. வெந்நீர் ஒரு வாய். அடுத்த அழைப்பு.

வீடுகளுக்கு இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்து, மாதாமாதம் ஒரே பில்லாக வாங்கிக்கொள்ளும் நிறுவனம் அது. மூன்றாம் மாடியில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விலகிப் போகிறேன் என்று அழைக்கும் வாடிக்கையாளரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது அவர்கள் வேலை. அக்காவுக்கு அதில் ஒன்பது வருடம். ஆள் குள்ளம், நாற்காலியை உயர்த்திக்கொண்டால் கால் தரைக்கு எட்டாது, தாழ்த்திக்கொண்டால் திரை எட்டாது. அதனால் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால் வைத்திருக்கிறார். அவருடைய குப்பையெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரின் கூடைக்குப் போகிறது. ஒன்பது வருடமாக அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசல் காவலரிடம் போய் "போகாதீங்க அக்கா எங்கே?" என்று கேட்டால், உயரத்தைக் கையால் காட்டி, "இப்பத்தான் மேல போச்சு" என்பார்.

நான் ஐந்தாம் மாடியில் இருந்தேன். என் வேலை கேட்பது. மூன்றாம் மாடியில் பதிவாகும் அழைப்புகளில் எட்டு, தினமும் என் திரைக்கு வரும். ஒவ்வொன்றையும் கேட்டு, படிவத்தை நிரப்பி மதிப்பெண் போட வேண்டும். கீழே எங்களுக்குக் 'காது' என்று பெயர். 'காது வருது, கம்முனு இரு' என்று லிஃப்ட் திறக்கும்போதே யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "அடுத்தவங்க பேசறத ஒட்டுக் கேட்டுத் தப்பு எழுதறதுக்கா மூணு வருஷம் படிச்சே?" என்று அம்மா கேட்டார். உடனே, "ஏசி ரூமா?" என்றும் கேட்டார். ஆமாம் என்றதும் முதல் கேள்வியை அவர் விட்டுவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். வாடிக்கையாளரின் பெயரை இருமுறையாவது சொன்னாரா? அனுதாப வாக்கியம் முதல் முப்பது விநாடிக்குள் வந்ததா? குரலில் புன்னகை இருந்ததா? இப்படிப் போய்ப் பதினேழாவது கேள்வியில் நிற்கும்: 'இணைப்பைத் துண்டிக்கும் விருப்பத்தை வாடிக்கையாளர் தாமாகவே தெரிவித்தாரா?'

பில்லைக் குறைக்கும் சலுகைகளெல்லாம் அக்காவின் திரையில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். 'துண்டிக்கக் கேட்டார்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது திறக்கும். வாடிக்கையாளர் தன் வாயால் 'கட் பண்ணிடுங்க' என்று சொன்னால்தான் பொத்தானை அழுத்தலாம். கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று தன்மையாகக் கேட்கிறவருக்குப் பெட்டி திறக்காது. தன்மையாகக் கேட்டாலே கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் தன்மையாகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்களாம். பயிற்சி வகுப்பில் ஒருவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். நாங்களும் சிரிக்காமல் குறித்துக்கொண்டோம்.

ஆக, வருடத்துக்கு ஒருமுறை தொண்டை கிழியக் கத்துகிறவருக்குப் பாதிக் கட்டணம். 'நல்லா இருக்கீங்களாம்மா' என்று ஆரம்பிக்கிறவருக்கு முழுக் கட்டணம். கத்துகிறவரின் தள்ளுபடியை நல்லா இருக்கீங்களாக்காரர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

என் அப்பா கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். பில் வந்தால் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படிப்பார், "அச்சடிச்சே வந்துடுச்சே" என்பார், கட்டிவிடுவார். அச்சடித்த எண்ணோடும் பேச்சு நடத்தலாம் என்பது எனக்கே பதினேழாவது கேள்வியைப் படித்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டு இணைப்பு வேறொரு நிறுவனத்தினுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், "போன் பண்ணிக் கட் பண்ணச் சொல்லுப்பா, குறைச்சுடுவாங்க" என்றேன்.

"குறைக்காம நிஜமாவே கட் பண்ணிட்டா?"

"பண்ண மாட்டாங்கப்பா. சும்மா மிரட்டறதுதான்."

"பண்ணிட்டா உன் தங்கச்சி எதுல படிப்பா?" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மிரட்டுவதற்கும் கையில் கொஞ்சம் மிச்சம் வேண்டியிருக்கிறது.

அந்த வார்த்தையை ஊழியர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது பதினெட்டாவது கேள்வி. எடுத்துக் கொடுத்தால் சிவப்புக் குறி. மூன்று சிவப்புக் குறி விழுந்தால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அக்காவின் திறமையெல்லாம் இந்த இடத்தில்தான். எடுத்துக் கொடுக்காமல் எடுக்க வைப்பார். "இந்த இணைப்பு விஷயமா ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா மேடம்?" என்று 'முடிவு' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டது போல நிறுத்துவார். எதிர்முனை அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், "வேற கம்பெனிக்காரங்க யாராச்சும் வந்து பேசினாங்களா?" என்பார். அதற்கும் மசியாதவரிடம் வெறுமனே பேசாமல் இருப்பார். விசைப்பலகை ஓசை கூடக் கேட்காது. அந்த அமைதி தாங்காமல் எதிர்முனை தானாகவே, "அப்ப கட் பண்ணிடுங்க, வேற என்ன?" என்று வெடிக்கும். "ஐயோ, போகாதீங்க மேடம்" என்று கை காற்றில் நீளும். பதிவில் கேட்டால், பாவம் அக்கா பதறிப்போய்விட்டார் என்றுதான் தோன்றும். பெட்டி அதற்கு முன்பே திறந்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்கும் இரண்டு சிவப்புக் குறி விழுந்திருந்தது. முதலாவது எனக்கு முன்னால் இருந்த காது போட்டது. "இணைப்பு உங்களுக்கு இனியும் வேணுமான்னு நான் உங்ககிட்ட கேக்கக் கூடாது சார்" என்று அக்கா ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். கேட்கக் கூடாததைக் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று தெரிவிக்கத்தான் செய்தேன் என்று வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. இரண்டாவது, இருமல். ஒரு பெண்மணி, "இப்படியே போனா நாங்க..." என்று இழுத்து நிறுத்தியபோது, அவரைத் தள்ளிவிடுவது போலப் பொருத்தமான இடத்தில் அக்கா இரண்டு முறை இருமியிருந்தார். குறிப்புப் பகுதியில் 'இருமல் சந்தேகத்துக்குரியது' என்று எழுதியது நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். நுணுக்கமாகக் கேட்டிருக்கிறாய் என்று மேலதிகாரி பாராட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அதைச் சொன்னேன்.

காதுகள் மூன்றாம் மாடிக்காரர்களோடு பழகக் கூடாது. ஆனால் விதிமுறைப் புத்தகத்தில் பேருந்தைப் பற்றி ஒன்றுமில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வழித்தடம். நான் சேர்ந்து ஒரு மாதம் ஆனபோது, ஒரு மாலை, பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீதானே அஞ்சாம் மாடிக் காது?"

"ஆமாக்கா."

"என் இருமலுக்குக் குறி வெச்சது நீயா?"

யார் மதிப்பெண் போட்டார்கள் என்பதைச் சொல்லக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பேசாம இருக்கே. அப்ப நீதான்" என்றார். "பேசாம இருக்கறதெல்லாம் எங்கிட்ட பலிக்காது கண்ணு. அது என் சரக்கு." பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். "சாப்பிடு. அந்த இருமல் நெஜ இருமல்தான். அதாவது, ரெண்டுல ஒண்ணு."

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். பேசினோம் என்ன, அவர் பேசினார், நான் கேட்டேன். எனக்கு வேலையே அதுதானே.

அக்காவின் கணவர் நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அலுவலகங்களில் இப்போது யாரும் தாளில் நகல் எடுப்பதில்லை. வாரத்தில் ஒருநாள் கூப்பிட்டால் அதிகம். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, மகளின் படிப்பும் ஓடுகிறது. அந்த வீட்டிலும் இதே நிறுவனத்தின் இணைப்புதான், முழுக் கட்டணத்தில். ஊழியர் குடும்பத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்று நியமனக் கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. மாமியாருக்கு ஒன்பதாம் பக்கத்தின் மேல் நம்பிக்கை இல்லை.

"ஊர்ல இருக்கற அத்தன பேருக்கும் பில்லக் குறைச்சுக் குடுக்கறா. சொந்த வீட்டுக்குன்னா மட்டும் கையக் கட்டிப் போட்டுட்டாங்களாம்" என்று தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொல்வாராம். தொலைக்காட்சியிலும் அதிகம் மிச்சமில்லை. பில்லைக் குறைக்க, மாதம் ஒரு சேனல் தொகுப்பாக நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். விளையாட்டு போனது, சினிமா போனது, மகளின் கார்ட்டூன் போனது. கடைசியில் மாமியாருக்குத் தொடர் ஓடும் ஒரு சேனலும், இலவசமாக வரும் வானிலைச் சேனலும்தான். பிறகு தொடரும் போனது. இப்போது மாமியார் வானிலையையே தொடராகப் பார்க்கிறார். "நேத்து பாதியில நின்னுச்சே அந்தப் புயல், என்னாச்சு தெரியுமா? கரைக்கு வராமலே போயிடுச்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்று சாப்பிடும்போது கதை சொல்வாராம்.

ஒருநாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் கணவர், "பேசாம நாமளும் வேற கம்பெனிக்கு மாறிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா நிமிராமலே, "இத்தன வருஷமா எங்களோட இருந்திருக்கீங்க. உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்" என்றிருக்கிறார்.

"சார் இல்ல, புருஷன்" என்றாராம் அவர்.

"இருடா. குறுக்க பேசாத" என்றாராம் மாமியார். "அடுத்து ஏதோ சலுகை சொல்லப் போறா."

பேருந்தில் இதைச் சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "ரெண்டு குறி விழுந்தது இன்னும் வீட்ல தெரியாது" என்றார். அதற்கும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நான் படிவத்தில் மதிப்பெண் போடும் வகை.

தபால் ஐயாவைப் பற்றி அக்கா சொல்லித்தான் எனக்கு முதலில் தெரியும். தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கப்பலில் இருக்கிறான். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்கும்போது திரையில் முகம் காட்டுவான். அதற்காகத்தான் வீட்டில் இணையம். முதல் வருடம் 'வரவேற்புச் சலுகை'யில் மலிவாக இருந்தது. வரவேற்பு முடிந்ததும் கட்டணம் இரண்டு மடங்கானது. மாதாமாதம் பில் வந்த மறுநாள் அழைத்து, "அந்தப் போகாதீங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்பார். மற்றவர்கள் சந்தோஷமாக அக்காவிடம் தள்ளிவிடுவார்கள். குறைத்துத் தரச் சொல்லி அவ்வளவு பணிவாகக் கேட்கிறவரிடம் யாராலும் 'முடியாது' என்று சொல்ல முடியவில்லை.

"வாயத் தெறந்து அந்த ஒரு வார்த்தையச் சொல்ல மாட்டேங்கறாரு கண்ணு" என்பார் அக்கா. "கத்தறான் பாரு, அவன் எங்கயும் போக மாட்டான். அடுத்த வருஷமும் வந்து கத்துவான். இவர மாதிரி ஆளுங்கதான் ஒருநாள் சத்தமில்லாம போயிடுவாங்க. போனதே யாருக்கும் தெரியாது."

ஒரு புதன்கிழமை காலை என் எட்டு அழைப்புகளில் ஐந்தாவதாக அவர் வந்தார். பொத்தானை அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? வேலையா இருக்கறப்ப தொந்தரவு பண்றேனோ?"

"இதாங்கய்யா என் வேலையே. சொல்லுங்க."

"பில்லு வந்துச்சு. கொஞ்சம் பார்த்துக் குறைக்க வழி இருக்கான்னு..."

"ஐயா, இந்த இணைப்பு விஷயமா நீங்க ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?"

"நாங்க என்னம்மா முடிவு பண்றது? நீங்க பார்த்து ஒரு முடிவு சொன்னா சரி."

"வேற கம்பெனிக்காரங்க யாராச்சும் வந்தாங்களா?"

"போன வாரம் ஒரு தம்பி வந்துச்சு. பாதி விலைக்குத் தரேன்னுச்சு. பாவம், நல்ல வெயில். தண்ணி குடுத்து அனுப்பிட்டேன்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"நாங்க ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட இருக்கோம் தம்பின்னு சொன்னேன்."

பின்னால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல், அவருடைய மனைவியாக இருக்க வேண்டும், அடுப்படியிலிருந்தே பாய்ந்து வந்தது: "கட் பண்ணித் தொலைங்கன்னு சொல்லுங்களேன்! எத்தன மாசமா இப்படிக் குழைஞ்சிட்டிருக்கீங்க!"

"அவ அப்படித்தாம்மா. மனசுல ஒண்ணும் கிடையாது. தப்பா எடுத்துக்காதீங்க."

இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. மனைவியின் வாய் கணக்கில் வராது. அக்கா பேசவில்லை. அமைதி பத்து விநாடியைத் தாண்டினால் ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டும், பத்தொன்பது விநாடி போனது. ஐயா அசையவில்லை. எதிர்முனையில் அக்கா யோசிக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று அவரும் மரியாதையாகக் காத்திருந்தார்.

அக்காவின் குரல் திரும்பி வந்தபோது அதில் புன்னகை இல்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்றேன். அத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. 'எனக்கு இந்த இணைப்பு வேண்டாம், கட் பண்ணிடுங்க.'"

"ஐயையோ. எதுக்கும்மா?"

"நீங்க சொன்னாத்தான் என்னால குறைக்க முடியும்."

"வேணுங்கறத வேண்டாம்னு சொல்லணுமா?"

"ஆமாங்கய்யா."

"பொய்யில்லையா அது?"

"ஆமாங்கய்யா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு கடுதாசியக்கூட வேற வீட்டுக்கு அனுப்பினதில்ல" என்றார். பிறகு, "இதனால உங்களுக்கு ஏதும் வம்பு வராதே?" என்று கேட்டார்.

"வராதுங்கய்யா" என்றார் அக்கா.

"சரி. நீங்க சொல்றீங்களேன்னு சொல்றேன். எனக்கு இந்த இணைப்பு வேண்டாம். கட் பண்ணிடுங்க." உடனே, அவசர அவசரமாக, "ஆனா வேணும்மா. நெஜமா கட் பண்ணிடாதீங்க."

'டக்' என்று பொத்தான் அழுத்தும் ஓசை.

"பண்ண மாட்டேங்கய்யா. பாதியாக் குறைச்சிருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு ஏறாது."

"போயிட்டு வரேம்மா."

"போயிட்டு வாங்கய்யா."

'இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்துகள்' என்றுதான் முடிக்க வேண்டும். அதுவும் தப்பு.

இதில் சந்தேகத்துக்குரியது எதுவுமில்லை. இருமலென்றால் வாதாடலாம். இது பட்டப்பகல். மூன்றாவது சிவப்புக் குறி, அடையாள அட்டை, மாமியார், மகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் ஓடியது. படிவத்தை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். நிரப்பாமல் மூடி வைத்தேன்.

எந்த அழைப்பு மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறது என்பது ஊழியரின் திரையில் தெரிந்துவிடும். யாரிடம் போயிருக்கிறது என்பதுதான் தெரியாது. ஆனால் அக்காவிடம் என் முகத்தை மறைக்க என்னால் முடிந்ததில்லை. அன்று மாலை பேருந்தில் அவர் பேசியதெல்லாம் வானிலை. வடக்கே ஒரு காற்றழுத்தம் உருவாகிறதாம். மாமியார் ஆவலாக இருக்கிறாராம்.

மறுநாள் வியாழக்கிழமையும் அதே இருக்கை, அதே பிஸ்கட். பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுதுக்கா?"

"போகுது."

"எங்கிட்ட ஏதாவது... சொல்லணும்னு இருக்கா?"

"என்ன சொல்லணும்?"

"இல்ல, ஏதாவது முடிவு..." என்று 'முடிவு' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

அக்கா பிஸ்கட்டைக் கடிக்காமல் என்னைப் பார்த்தார். "அடிப்பாவி. என் சரக்க எங்கிட்டயே விக்கறியா?"

நான் வெளியே பார்த்தபடி பேசாமல் இருந்தேன். பத்தொன்பது விநாடிக்கு மேலேயே இருந்தேன். அவர் நிதானமாக மென்றுகொண்டிருந்தார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

"இருமல் சந்தேகமா இருக்கே" என்றார். "எழுதி வெச்சுக்கட்டுமா?"

சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. அந்த வெட்கத்தில்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. 'காப்பாத்து' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும், பெட்டியைத் திறந்துவிடலாம் என்று இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்க வேண்டும். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நிறுவனம் எனக்குச் சம்பளத்தைத்தான் கொடுக்கிறது என்று நினைத்திருந்தேன். பதினேழாவது கேள்வியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. தபால் ஐயா ஒருவேளை என் இருக்கைக்கு அழைத்திருந்தால் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டேதான் செத்திருப்பார்.

என்ன எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, 'வாடிக்கையாளர் தாமாகவே தெரிவித்தாரா?' என்பதற்கு ஆம். 'ஊழியர் தூண்டினாரா?' என்பதற்கு இல்லை. அந்த அழைப்பில் ஏற்கெனவே இரண்டு பொய் இருந்தது, ஐயாவுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று. மூன்றாவது என்னுடையது. முழு மதிப்பெண் போட்டால் யாராவது எடுத்துக் கேட்பார்கள் என்று பயந்து, விடைபெறும் வாக்கியத்துக்கு ஒன்று குறைத்தேன். திங்கட்கிழமை அக்கா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைப் பற்றித்தான். "போயிட்டு வரேன்னு ஒருத்தர் சொன்னா, போயிட்டு வாங்கன்னுதானே சொல்வாங்க? இதுக்கு ஒரு மார்க்கா?" என்று நிறுத்தம் வரும்வரை சண்டை போட்டார்.

இப்போது ஐந்தாம் மாடியில் காதுகள் இல்லை. எல்லா அழைப்பையும் ஒரு கருவி கேட்கிறது. எங்களை வேறு வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டார்கள். நான் பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். கருவிக்கு இருமல் புரிவதில்லை என்பதை அக்கா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் மாடியில் இப்போது அறுபது பேருக்கும் இருமல்.

ஆனால் இந்தக் கதையில் அந்த வியாழக்கிழமைப் பேருந்து இன்னும் என் நிறுத்தத்துக்கு வந்து சேரவில்லை. கேட்காமல் கொடுத்தேனா, கேட்ட பிறகு கொடுத்தேனா என்று எனக்கே இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியாததற்குக் காரணம் அதில் இருக்கிறது. எனக்கு முந்தின நிறுத்தம் வரை அக்கா வானிலை சொல்லிக்கொண்டே வந்தார். காற்றழுத்தம் வலுவிழந்துவிட்டதாம், மாமியாருக்கு ஏமாற்றமாம். நான் எழுந்து, "போயிட்டு வரேங்க்கா" என்று அவர் முழங்காலைத் தாண்டி வெளியே வந்தேன். அக்காவின் வலது கை நீண்டது. ஐந்து விரல்களும் விரிந்து, என் சட்டைக் கையின்மேல் மெல்ல மூடிக்கொண்டன. பேருந்து நின்றது, பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், நடத்துநர், "இறங்கறவங்க இறங்குங்க" என்றார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நூல் ஒட்டிட்டிருந்துச்சு" என்று சொல்லி, என் சட்டையில் இல்லாத ஒரு நூலை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னலுக்கு வெளியே போட்டார்.